ஜப்பான் தீம் பார்க் தின்பண்டங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோக்கியோவின் கிழக்கு ஓரத்தில், நிஷி கசாய் பக்கம் குடியிருக்கிறேன். இந்தியக் குடும்பங்கள் நிறைய இருக்கிற இடம். பழைய எடோ என்ற பெயருள்ள ஆற்றைத் தாண்டினால் உராயாசு நகரம், அங்கேதான் டோக்கியோ டிஸ்னிலேண்டும் டிஸ்னிசீயும். அதனால் ஊரிலிருந்து யார் வந்தாலும் எங்கள் வீட்டில்தான் தங்குவார்கள், யார் வந்தாலும் அதே கேள்விகளைத்தான் கேட்பார்கள். போனில் பதில் சொல்லி அலுத்துவிட்டது. சித்தி, மாமா, அண்ணி, கூட வேலை பார்ப்பவர்கள் கேட்டதையெல்லாம் அவர்கள் வார்த்தையிலேயே இங்கே எழுதிவைக்கிறேன்.

"ரைடுல ஏறாம, தின்கறதுக்குன்னே வரிசையில நிக்கறாங்களாமே, நெஜமா?"

நிஜம்தான். காலையில் கேட் திறந்ததும் பாதிப் பேர் ரைடுகளை நோக்கி ஓடுவார்கள், இன்னொரு கூட்டம் பாப்கார்ன் வண்டியை நோக்கி நடக்கும். ஒரு கையில் மூன்று கண் வைத்த பச்சை உருண்டை, மறு கையில் போன், பின்னால் கோட்டை. அந்தப் படம் கிடைத்தால்தான் அவர்களுக்கு அன்றைய நாள் தொடங்கும்.

இதைக் குழந்தைத்தனம் என்று நினைத்துவிடக் கூடாது. சாப்பாட்டுக்கு உருவம் கொடுப்பது இங்கே பழைய வழக்கம். தேநீரோடு வைக்கும் நெரிகிரி என்ற இனிப்பை வசந்தத்தில் செர்ரிப் பூவாகவும் இலையுதிர் காலத்தில் மேப்பிள் இலையாகவும் கையாலேயே பிடிப்பார்கள். மழலையர் பள்ளிக்குப் போகும் பிள்ளையின் டப்பாவில் சோற்றைக் கரடி முகமாக்கி, கடற்பாசித் தாளைக் கண் அளவுக்கு வெட்டி ஒட்டி அனுப்பும் அம்மாக்கள் இன்றும் உண்டு. டிஸ்னிலேண்ட் 1983 ஏப்ரல் 15 அன்று திறந்தது. அதை நடத்துவது ஓரியன்டல் லேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம், டிஸ்னி உரிமம் மட்டும்தான் கொடுத்திருக்கிறது. அதனால் அங்கே விற்கும் தின்பண்டங்களுக்கு அமெரிக்க முகமும் ஜப்பானியக் கைப்பக்குவமும்.

"எந்த பார்க்குக்குப் போனா சாப்பாடு நல்லாருக்கும்?"

என்னைக் கேட்டால் டிஸ்னிசீ. 2001 செப்டம்பர் 4 அன்று திறந்தது. துறைமுகம், எரிமலை, அரபுக் கடைத்தெரு என்று பகுதி பகுதியாகக் கட்டியிருப்பதால் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனித் தின்பண்டம். காரவகைகளும் அங்கேதான் அதிகம். சின்னக் குழந்தைகளோடு முதல்முறை வருபவர்களுக்கு டிஸ்னிலேண்ட் சரி.

ஒசாகா போகிறவர்களுக்கு யுனிவர்சல் ஸ்டூடியோஸ் ஜப்பான் இருக்கிறது. மாரியோ வீடியோ கேமை வைத்துக் கட்டிய அதன் சூப்பர் நின்டெண்டோ பகுதி 2021 மார்ச்சில் திறந்தது. அங்கே ஆமை ஓடு வடிவத்தில் ஒரு ரொட்டி விற்கிறார்கள். உள்ளே யாகிசோபா நூடுல்ஸும் சீஸும். விளையாட்டில் மிதித்துத் தள்ளும் ஆமையைக் கடித்துத் தின்பது என் தம்பிக்குப் பரம திருப்தி.

ஹலோ கிட்டி பைத்தியங்களுக்கு டோக்கியோவின் மேற்கே தாமா நகரில் சான்ரியோ பியூரோலேண்ட், 1990 டிசம்பரில் திறந்தது. முழுக்கக் கூரைக்குள்ளேயே இருப்பதால் மழைநாளுக்கு ஏற்றது. அங்கே கறிசாதத்தில் சோறுதான் கிட்டியின் முகம். ருசி சாதாரணம்தான், முகம் பிரமாதம்.

"ஒண்ணே ஒண்ணுதான் வாங்குவேன்னா எதை வாங்கறது?"

டிஸ்னியில் விற்கும் பச்சை உருண்டை. டாய் ஸ்டோரி படத்தில் வரும் மூன்று கண் வேற்றுக்கிரகவாசிகள்தான் அவை. ஒரு கப்பில் மூன்று தலை, வெளியே மோச்சி என்ற அரிசிமாவுத் தோல். ஒன்றில் கஸ்டர்டு, ஒன்றில் சாக்லேட், ஒன்றில் ஸ்ட்ராபெரி கிரீம். எதற்குள் எது என்று வெளியிலிருந்து தெரியாது. விலை 400 யென் அளவில் இருக்கும்.

பெயரில் ஒரு சிலேடை இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்தப் பாத்திரங்கள் 'லிட்டில் கிரீன் மென்'. தின்பண்டத்தின் பெயர் 'லிட்டில் கிரீன் மன்'. ஜப்பானியத்தில் மஞ்சூ என்றால் உள்ளே பூரணம் வைத்த பணியாரம், அதைச் சுருக்கி 'மன்' என்பார்கள். இறைச்சி வைத்தால் நிகுமன். இந்த ஒரு எழுத்து விளையாட்டு புரிந்தால் பார்க்கில் பாதிப் பண்டங்களின் பெயர் புரிந்துவிடும்.

மூடியைத் திறந்ததும் கொஞ்ச நேரம் பாருங்கள். மேலே லேசாக மாவு தூவியிருக்கும், மூன்றும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு மேலே பார்த்து முழிக்கும். போன தடவை எங்கள் கப்பில் ஒன்றுக்கு ஓரத்துக் கண் பக்கத்து உருண்டையில் ஒட்டிப்போயிருந்தது. என் மகள் அதற்குத்தான் பெயர் வைத்தாள், அதைத்தான் கடைசியில் சாப்பிட்டாள்.

"மோச்சின்னா நம்ம கொழுக்கட்டைதானே?"

பூரணம் உள்ளே, அரிசி வெளியே என்ற அளவில் உறவுதான். ஆனால் நம் கொழுக்கட்டை கடித்தால் விண்டுவிடும். மோச்சி செய்வது பசைத்தன்மை கூடிய வேறொரு அரிசியில், அது விடாமல் இழுபடும். பச்சை உருண்டையைக் குளிரவைத்துத் தருவார்கள், வெளியே ஜவ்வு, உள்ளே சில்லென்ற கிரீம்.

ஒரு எச்சரிக்கை. மோச்சி தொண்டையில் சிக்கி முதியவர்கள் இறந்துபோகும் செய்தி இங்கே ஒவ்வொரு புத்தாண்டுக்கும் வரும். பார்க் உருண்டை சின்னது, புத்தாண்டு மோச்சி அளவுக்கு ஒட்டாது. இருந்தாலும் மூன்று நான்கு வயசுக் குழந்தைக்கும் பல் இல்லாத பாட்டிக்கும் முழுசாகக் கொடுக்காதீர்கள். கடித்து, மென்று, பிறகு அடுத்த கடி. பாட்டிகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், 'எனக்குத் தெரியாதாடா' என்பார்கள். பரவாயில்லை, சொல்லுங்கள்.

"பாப்கார்னுக்கு எதுக்கு இவ்வளவு கூட்டம்? தியேட்டர்ல கிடைக்கறதுதானே?"

தியேட்டரில் உப்பும் வெண்ணெயும்தான். இங்கே கேரமல், தேன், கறி, சோயா சாஸ் வெண்ணெய், மிளகு, பூண்டு இறால், சாக்லேட் என்று வண்டிக்கு ஒரு சுவை. ஒரே வண்டியில் இரண்டு சுவை கிடைப்பது அபூர்வம். அதனால் ஆசைப்பட்ட சுவைக்காகப் பார்க்கின் மறுகோடிக்கு நடக்க வேண்டியிருக்கும். எந்த வண்டியில் எந்தச் சுவை என்பது அடிக்கடி மாறும், பார்க்கின் செயலியில் அன்றைய நிலவரம் பார்த்துக்கொள்ளலாம். 'வின்னி த பூ' கரடியின் தேன் வேட்டை ரைடுக்குப் பக்கத்தில் தேன் சுவை என்பது மட்டும் எனக்குத் தெரிந்து நிலையாக இருக்கிறது. அந்த வாசனையே ஆளை இழுத்துவரும்.

கறி சுவையைப் பார்த்ததும் நம்மவர்கள் பாய்ந்துபோய் வாங்குவார்கள். ஜப்பானியக் கறி இந்தியாவிலிருந்து நேரே வந்ததில்லை, மெய்ஜி காலத்தில் (1868-1912) பிரிட்டிஷ்காரர்கள் வழியாக வந்தது. காரம் எல்லாம் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. நம் நாக்குக்கு அது குழந்தைக்கு ஊட்டும் சாம்பார். எனக்குப் பிடித்தது சோயா சாஸ் வெண்ணெய்.

"கழுத்துல ஒரு டப்பாவ மாட்டிட்டுத் திரியறாங்களே, அதை வாங்கலாமா?"

அது பாப்கார்ன் பக்கெட். பாத்திரங்களின் உருவத்தில் செய்து, தோளில் மாட்ட வார் வைத்திருப்பார்கள். சாதாரண அட்டைப்பெட்டி பாப்கார்ன் சில நூறு யென், பக்கெட் சில ஆயிரம் யென். பக்கெட் கையில் இருந்தால் அடுத்தடுத்த நிரப்பலில் அட்டைப்பெட்டியைவிட அளவு கூட, அந்த அளவுக்குப் பார்த்தால் விலை மலிவு.

கணக்குப் போட்டால், ஒரு நாள் வந்து போகிறவருக்கு நிரப்பல் லாபம் பக்கெட் விலையை ஈடுகட்டாது. பொம்மையாக நினைத்து வாங்கினால் சரி. எங்கள் வீட்டில் இருக்கும் ஒன்றில் இப்போது துணி மாட்டும் கிளிப்புகள் இருக்கின்றன. பெட்டியில் பாதி இடத்தை அது பிடித்துக்கொள்ளும் என்பதையும் ஊருக்கு விமானம் ஏறுகிறவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

"மினியேச்சர் கோப்பையில ஏதோ இனிப்பு தர்றாங்களாமே?"

கோப்பை நினைவுப்பொருள், அதோடு மூஸ் அல்லது கேக் கிடைக்கும். தட்டு, சின்ன பை என்றும் உண்டு. பண்டத்தை மட்டும் தனியாகவும் வாங்கலாம், கோப்பையோடு வாங்கினால் கூடுதல் காசு. கோப்பையைக் கழுவாமல் பையில் போட வேண்டுமே என்ற பயம் வேண்டாம், பெரும்பாலும் இனிப்பைத் தனிக் கப்பில் வைத்து, கோப்பையைப் புதிதாகப் பெட்டியில் தருவார்கள்.

ஒரு ஆகஸ்ட் மதியம் மூஸ் வாங்கிக்கொண்டு, 'வெளிச்சம் சரியில்லை, அங்கே நில்லு, இங்கே நில்லு' என்று படம் எடுத்தேன். ஆறாவது படத்தில் மிக்கியின் காது சரிந்து கன்னத்தில் இறங்கிவிட்டது. டோக்கியோ ஆகஸ்ட் சென்னை மே மாதிரிதான். கோடையில் மூஸ் வாங்கினால் குளிர்சாதன அறைக்குள்ளேயே முடித்துக்கொள்ளுங்கள்.

"எல்லாம் இனிப்பா இருக்கே, காரமா ஒண்ணுமே இல்லையா?"

காரம் என்று நாம் சொல்லும் காரம் இல்லை, உப்பு வகை உண்டு. டிஸ்னிசீயில் எரிமலைப் பகுதியில் கியோசா டாக், பெரிய கியோசா (பூரணம் வைத்து மடித்த பிறை வடிவக் கொழுக்கட்டை) மாதிரி மடித்த வெள்ளை ரொட்டிக்குள் பன்றியிறைச்சிப் பூரணம். குளிர்காலத்தில் அதைப் பிட்டால் ஆவி முகத்தில் அடிக்கும். அங்கேயே இன்னொரு பகுதியில் உகிவா மன், மிதவை வளைய வடிவத்தில் இறால் வைத்தது (மேலே சொன்ன 'மன்' கதைதான்). டிஸ்னிலேண்டின் டூன்டவுனில் மிக்கியின் வெள்ளைக் கையுறை வடிவத்தில் ஆவியில் வேகவைத்த ரொட்டி. உள்ளே கோழி. பிறகு புகைபோட்ட வான்கோழிக் கால். அதில் அழகு ஒன்றும் இல்லை, ஆனால் வயிறு நிறையும்.

"அப்போ இதெல்லாம் சாப்பிட்டா வயிறு நிறையுமா? ஒருத்தருக்கு எவ்வளவு ஆகும்?"

நிறையாது. உருண்டை மூன்றும் சேர்ந்து ரெண்டு வாய். நான்கைந்து தின்பண்டம், ஒரு பானம் என்று போனால் ஆளுக்கு 2,500 முதல் 3,000 யென் வரை ஆகும், அப்புறமும் சாயங்காலம் பசிக்கும். பெரியவர்களுக்கு டிக்கெட்டே நாளைப் பொறுத்து 7,900 யென்னிலிருந்து 10,900 யென் வரை இருக்கிறது. ஒரு வேளையாவது உட்கார்ந்து சாப்பிடும் இடத்துக்குப் போங்கள். தின்பண்டத்தை இரண்டு பேருக்கு ஒன்று என்று பகிர்ந்தால் நிறைய ருசி பார்க்கலாம், காசும் மிஞ்சும். டிப்ஸ் வைக்க வேண்டாம், வைத்தால் பின்னாலேயே ஓடிவந்து திருப்பித் தருவார்கள்.

"வரிசை இல்லாம வாங்க ஏதாவது வழி?"

சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிவையுங்கள். பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை எல்லாக் கடையும் நெரியும். பத்தரைக்கு வாங்குங்கள், அல்லது ஊர்வலம் போகும்போது ஊர்வலப் பாதையிலிருந்து தள்ளியிருக்கும் கடைக்குப் போங்கள். சில கடைகளில் செயலியிலேயே முன்கூட்டி ஆர்டர் கொடுக்கலாம். பாப்கார்ன் வண்டிக்கு அந்த வசதி கிடையாது, நின்றுதான் ஆக வேண்டும். வார நாள், மழைத்தூறல் இரண்டும் சேர்ந்த நாள் கிடைத்தால் விடாதீர்கள்.

"நாங்க வெஜ். எதைச் சாப்பிடறது?"

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. நேர்மையான பதில்: முட்டையும் பாலும் சாப்பிடுவீர்கள் என்றால் சமாளிக்கலாம். சூரோ (எண்ணெயில் பொரித்த நீள இனிப்பு), ஐஸ், கேக் வகைகள், இனிப்புப் பாப்கார்ன் எல்லாம் உங்கள் பக்கம். மைக் என்ற ஒற்றைக்கண் பச்சைப் பூதத்தின் முகம் போட்ட மெலன் ரொட்டி டிஸ்னிலேண்டின் ஸ்வீட்ஹார்ட் கஃபேயில் உண்டு. மெலன் பான் என்ற பெயர் மேலோட்டில் முலாம்பழத் தோல் மாதிரி போடும் கட்டக்கோட்டால் வந்தது என்பார்கள்.

உப்பு வகையில்தான் சிக்கல். மேலே சொன்ன கியோசா, இறால், கையுறை எதுவும் ஆகாது. காய்கறி சூப் என்று நினைப்பதில்கூட தாஷி என்ற மீன் சாறு இருக்கலாம். ஜப்பானில் 'இறைச்சி இல்லை' என்றால் மீன் இல்லை என்று பொருள் அல்ல. கறிப் பாப்கார்ன், கிட்டியின் கறிசாதம் இரண்டிலும் இறைச்சிச் சாறு இருக்கிறதா என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

"லேபிள் பார்த்து வாங்கினா போதாதா? அலர்ஜி லிஸ்ட் இருக்குல்ல?"

பாதி உதவும், அந்தப் பாதியைத் தெரிந்துகொள்வது முக்கியம். ஜப்பானிய விதிப்படி பொட்டலத்தில் கட்டாயம் குறிப்பிட வேண்டியவை முட்டை, பால், கோதுமை, பக்வீட், நிலக்கடலை, இறால், நண்டு, வால்நட் போன்றவை. இதைத் தவிர, குறிப்பிடுவது நல்லது என்று இன்னொரு நீண்ட பட்டியல் இருக்கிறது. அதில் மாடு, பன்றி, கோழி, ஜெலட்டின் வருகின்றன. இந்த இரண்டாவது பட்டியலையும் காட்டும் அட்டை கடையில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் மூஸில் ஜெலட்டின் போட்டிருப்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஆனால் இது ஒவ்வாமைக்காகப் போட்ட பட்டியல், சைவத்துக்காகப் போட்டதில்லை. தாஷிக்குப் பயன்படும் கட்ஸுவோ மீன் இரண்டு பட்டியலிலும் கிடையாது. அட்டை முழுக்க வெள்ளையாக இருந்தாலும் மீன் சாறு இருக்கலாம். பன்றிக்கொழுப்பை வெறும் 'விலங்குக் கொழுப்பு' என்று எழுதுவதும் உண்டு. 'நிகு ஹாயித்தே இமாஸ்கா' என்றால் 'இறைச்சி சேர்த்திருக்கிறதா' என்று அர்த்தம், ஆனால் அந்தக் கேள்விக்குச் சாறும் எண்ணெயும் பதிலில் வராது. கியூநிகு மாடு, புதாநிகு பன்றி, தோரிநிகு கோழி, சகானா மீன் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். ஊழியர் உள்ளே போய் ஒரு ஃபைலை எடுத்துவந்து, விரல் வைத்து வரி வரியாகப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். பின்னால் வரிசை நிற்கிறதே என்று நீங்கள்தான் நெளிவீர்கள், அவர் நெளியமாட்டார்.

கண்டென் என்று எழுதியிருந்தால் பயப்பட வேண்டாம், அது நம்ம சைனா கிராஸ்.

"பேசாம வீட்டுலேர்ந்து புளியோதரை கட்டிட்டுப் போயிடலாமா?"

டிஸ்னியில் உள்ளே எடுத்துப்போகக் கூடாது. கைக்குழந்தைக்கான உணவுக்கு விலக்கு உண்டு. ஆனால் நுழைவாயிலுக்கு வெளியே பிக்னிக் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். டப்பாவை ரயில் நிலையப் பக்கத்து லாக்கரில் வைத்துவிட்டு, மதியம் வெளியே வந்து சாப்பிட்டு, அதே டிக்கெட்டில் திரும்ப உள்ளே போகலாம். வெளியேறும்போது மறுநுழைவு பற்றிக் கேட்டுக்கொண்டு வாருங்கள். சித்தி வந்தபோது அப்படித்தான் செய்தோம். பக்கத்து மேசையில் ஒரு ஜப்பானியப் பாட்டியும் சோற்று உருண்டை பிரித்துக்கொண்டிருந்தார்.

"ஜப்பான்ல நடந்துகிட்டே சாப்பிடக் கூடாதாமே?"

தெருவில் அது நல்ல பழக்கமாகக் கருதப்படுவதில்லை. பார்க்குக்குள் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள், அதற்காகத்தானே கையில் பிடிக்கும் வடிவில் செய்கிறார்கள். இருந்தாலும் கவனித்துப் பாருங்கள், பலர் வாங்கிய இடத்திலேயே ஓரமாக நின்று முடித்துவிட்டுத்தான் நகர்வார்கள். டோக்கியோத் தெருவில் குப்பைத்தொட்டியைத் தேடித் தேடி அலுத்தவர்களுக்கு இன்னொரு சந்தோஷம், பார்க்குக்குள் பத்தடிக்கு ஒரு தொட்டி. டிஸ்னிசீயில் சிட்டுக்குருவிகள் மேசைக்கே வரும், போடாதீர்கள்.

"படத்துல பார்த்த பண்டம் அங்க இல்லவே இல்லையே, ஏன்?"

'கென்தெய்' என்ற சொல்லைத் தெரிந்துகொள்ளுங்கள். வரம்புக்குட்பட்டது என்று அர்த்தம், இங்கே பெரும்பாலும் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். ஹாலோவீனுக்கு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு ஒன்று, ஆண்டுவிழாவுக்கு ஒன்று என்று வந்து மறைந்துகொண்டே இருக்கும். இன்ஸ்டாகிராமில் ஒருவர் போட்ட படம் மூன்று வருடம் பழையதாக இருக்கலாம். கிளம்பும் வாரத்தில் பார்க்கின் இணையதளத்தில் பாருங்கள். பச்சை உருண்டை மாதிரி சில மட்டும்தான் வருடம் முழுக்க நிற்பவை.

"பட்டர்பியர்ல சரக்கு இருக்கா? பசங்களுக்குக் கொடுக்கலாமா?"

இல்லை, கொடுக்கலாம். யுனிவர்சலின் ஹாரி பாட்டர் பகுதியில் விற்பது மேலே நுரை போட்ட இனிப்புப் பானம். நுரை மூக்கில் ஒட்டுவதைப் படம் எடுப்பதுதான் முக்கியச் சடங்கு. பாதிக்கு மேல் எனக்குத் திகட்டிவிடும், ஒன்று வாங்கி நாலு பேர் குடியுங்கள்.

நிஜ சரக்கு டிஸ்னிசீயில் திறந்த நாளிலிருந்தே உண்டு. டிஸ்னிலேண்டில் 2020 வரை கிடையாது, இப்போது சில உணவகங்களில் மட்டும்.

"டிக்கெட் எடுக்காம இந்தப் பண்டமெல்லாம் வாங்க முடியுமா? ஊருக்கும் கொண்டுவரணும்."

மேலே சொன்ன உருண்டை, பாப்கார்ன், ரொட்டி எல்லாம் உள்ளே போனால்தான். டப்பாவில் வரும் பிஸ்கட், சாக்லேட் கிரஞ்ச் வகைகளுக்கு மைஹாமா ரயில் நிலையத்துக்கு வெளியே பான் வாயாஜ் என்ற பெரிய கடை இருக்கிறது, டிக்கெட் தேவையில்லை. தகர டப்பா அத்தனை அழகு, ஊரில் உள்ளே இருப்பது ஒரே நாளில் தீர்ந்து டப்பாவில் கடுகு, சீரகம் குடியேறிவிடும். சாக்லேட் வகையைக் கைப்பையில் வையுங்கள், கோடையில் உருகும். ஜெலட்டின் விஷயம் இங்கேயும் பொருந்தும், முன்னால் சொன்ன அதே சோதனைதான்.

"எங்க பொண்ணு அந்த முகத்தைக் கடிக்க மாட்டேங்கறா, அழறா. என்ன பண்றது?"

இதற்கு மூன்று வருடமாக வழி தேடுகிறேன். படம் எடுத்துவிட்டோம், இனி அது படத்தில் இருக்கும் என்று சொல்லிப் பார்த்தேன், நடக்கவில்லை. முகத்தைத் திருப்பிவைத்துப் பின்பக்கமிருந்து கடிக்கச் சொல்வது மூன்று தடவையில் ஒரு தடவை நடக்கும். உருண்டை என்றால் மூன்றும் ஒரே வீட்டுக்குப் போக வேண்டும், ஒன்று மட்டும் போனால் மற்ற இரண்டும் தேடும் என்று சொன்னதுதான் எங்கள் வீட்டில் வேலை செய்தது. கண் ஒட்டிப்போன அந்த ஒன்றைக் கடைசியாக விழுங்கிவிட்டு, 'உள்ளே போய்ச் சேர்ந்திருக்குமாப்பா' என்று கேட்டாள்.